5 கிலோமீட்டருக்குப் பிறகு: ஓட்டச் செயலியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது

நடையையும் ஓட்டத்தையும் மாற்றி மாற்றிப் பழக்கும் ஒரு செயலியின் துணையோடு, நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். அடுத்து 10 கிலோமீட்டர், அதன்பின் ஒரு நாள் அரை மாரத்தான் என்பது உங்கள் எண்ணம். ஆனால் ஆறாவது கிலோமீட்டரை நெருங்கும்போதே மூச்சு வாங்கத் தொடங்குகிறது, காதில் ஒலிக்கும் குரலோ கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வேகம் குறைந்துவிட்டதாக அறிவிக்கிறது. ஆகவே நீண்ட தூரத்துக்கு ஏற்ற வேறு செயலி எது என்று கேட்டிருக்கிறீர்கள். செயலியை மாற்றினால் இந்தச் சிக்கல் தீராது என்பதே என் பதில். உங்களை 5 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்த செயலி செய்த வேலை ஒன்று, இப்போது கையில் இருக்கும் செயலி செய்கிற வேலை வேறொன்று. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வழி கடந்தது போல.

தொடக்கநிலைச் செயலிகளில் பெரும்பாலானவை, 1996ஆம் ஆண்டு ஜோஷ் கிளார்க் என்பவர் வகுத்த 'கவுச் டு ஃபைவ் கே' என்ற 9 வாரத் திட்டத்தையோ அதன் சாயலையோ பின்பற்றுகின்றன. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் வாரத்தில் 5 நிமிட விறுவிறுப்பான நடைக்குப் பின் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடங்கள். ஐந்தாம் வாரத்தின் கடைசி நாளில்தான் முதன்முறையாக 20 நிமிடம் இடைவிடாமல் ஓடச் சொல்கிறது. இத்திட்டம் உங்களை ஓடவைத்தது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அது செய்த பெரிய உதவி, ஓடத் துடித்த நேரத்திலெல்லாம் உங்களை நடக்கவைத்ததுதான். 'போதும், நடங்கள்' என்ற அந்தக் குரல் இல்லாமல் முதல் நாளே 2 கிலோமீட்டர் ஓடியவர்களில் பலர் மூன்றாம் வாரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஒன்பது வாரம் முடிந்ததும் அந்தக் கடிவாளம் அவிழ்ந்துவிடுகிறது. அதன்பின் நாம் திறப்பது ஸ்ட்ராவா, ரன்கீப்பர், மேப்மைரன் போன்ற பதிவுச் செயலிகளில் ஒன்றை. இவற்றிலும் பயிற்சித் திட்டங்கள் உண்டு. நைக்கி ரன் கிளப்பில் பயிற்றுநரின் குரலோடு கூடிய ஓட்டங்களும் உண்டு. ஆயினும் தொடங்கு என்ற பொத்தானை அழுத்தியதும் இவை முதன்மையாகச் செய்வது கணக்கெழுதுவதுதான்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம். கணக்கப்பிள்ளையைப் பயிற்றுநராக எண்ணிக்கொள்வதில்தான் பலருடைய தொல்லை தொடங்குகிறது.

உங்கள் ஓட்டங்களில் ஒன்றைத் திறந்து, கிலோமீட்டர் வாரியான நேரங்களைப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: முதல் கிலோமீட்டர் 6 நிமிடம் 10 விநாடி, இரண்டாவது 6:25, மூன்றாவது 6:50, நான்காவது 7:20, ஐந்தாவது 7:45, ஆறாவது 8:30. இதைப் பார்ப்பவர், கடைசியில் தெம்பு போதவில்லை, இன்னும் கடுமையாகப் பழக வேண்டும் என்று முடிவுகட்டுவார். தவறு ஆறாவது கிலோமீட்டரில் இல்லை. முதல் கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த நாளில் உங்கள் உடலால் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்றால், 6:10இல் புறப்பட்டபோதே கடன் வாங்கிவிட்டீர்கள். அதைத்தான் பின்னால் வட்டியோடு கட்டியிருக்கிறீர்கள். 7:40இல் தொடங்கியிருந்தால் ஆறாவதையும் 7:40க்குள் முடித்து, ஏழாவதையும் ஓடியிருக்கக்கூடும்.

எனவே நீண்ட தூரத்துக்கு முதல் தேவை, மெதுவாக ஓடக் கற்றுக்கொள்வது. எவ்வளவு மெதுவாக என்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை: பக்கத்தில் ஒருவர் ஓடிவந்தால் அவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவர்கள் மனப்பாடமாகத் தெரிந்த நான்கு வரிகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். எதிரே வருபவர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. இவ்வேகத்தில் ஓடும்போதுதான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதற்கும், உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுவதற்கும், கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்த உடல் பழகுவதற்கும் போதிய நேரம், களைத்து விழாமல், கிடைக்கிறது. நீண்ட தூர வீரர்களே தம் பயிற்சியில் பெரும்பகுதியை அவர்கள் அளவில் நிதானமான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்தான் தினமும் பந்தயம் போல ஓடுகிறார்.

கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு தெரிகிறதே, அதை வைத்து வேகத்தைத் தீர்மானிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தீர்மானிக்கலாம், எச்சரிக்கையோடு. பல செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிட்டு, அதிலிருந்து லேசான ஓட்டம் முதல் கடும் ஓட்டம் வரையிலான துடிப்பு 'மண்டலங்களை'ப் பிரிக்கின்றன. 40 வயதுக்காரருக்கு இக்கணக்குப்படி உச்சம் 180. ஆனால் அதே வயதுடைய ஒருவருக்கு உண்மையில் 168ஆகவும் மற்றொருவருக்கு 192ஆகவும் இருக்கலாம், இருவருமே முழு ஆரோக்கியத்தோடு இருக்கலாம். தவிர, மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவிகள் சில வேளைகளில் இதயத் துடிப்பை விட்டுவிட்டுக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நிதானமாக ஓடும்போது திடீரென்று 165, 170 என்று ஒரே எண்ணில் நின்றுவிட்டால் அச்சப்படுவதற்கு முன் பட்டையை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். கருவி ஒன்று சொல்லி, மூச்சு வேறொன்று சொன்னால் நான் மூச்சையே நம்புவேன்.

அடுத்தது தூரத்தைக் கூட்டும் முறை. இங்கே செயலியில் ஓர் அமைப்பை மாற்றச் சொல்வேன்: இலக்கைக் கிலோமீட்டரில் வைக்காமல் நிமிடத்தில் வையுங்கள். 8 கிலோமீட்டர் என்று இலக்கு வைத்தால் அதைச் சீக்கிரம் முடிக்க மனம் அவசரப்படும். 60 நிமிடம் என்று வைத்தால் வேகமாக ஓடினாலும் 60 நிமிடம்தான், மெதுவாக ஓடினாலும் 60 நிமிடம்தான். அவசரப்படுவதால் கிடைக்கும் லாபம் போய்விடுகிறது. முன்பு சொன்ன 9 வாரத் திட்டமும் அடிப்படையில் நிமிடக் கணக்கில் அமைந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடிய திட்டம் எளியது. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. இரண்டு நாள்களில் 25 முதல் 30 நிமிடம். மூன்றாவது நாள் நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டம் முதல் வாரம் 40 நிமிடம், பிறகு 45, பிறகு 50. நான்காம் வாரம் மீண்டும் 40க்கு இறங்க வேண்டும். ஐந்தாம் வாரம் 55, பிறகு 60, 65. எட்டாம் வாரம் 50க்கு இறக்கம். ஒன்பதாம் வாரம் 70, பத்தாம் வாரம் 75. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிட வேகத்தில் 75 நிமிடம் என்பது சரியாக 10 கிலோமீட்டர். இறங்கும் வாரங்களைத் தாண்டிச் செல்லும் ஆசை வரும், கூடாது. உடல் பழுதுபார்ப்பை முடித்துக்கொள்வது அந்த வாரங்களில்தான்.

வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்று ஒரு விதி எங்கும் உலவுகிறது, சில செயலிகளும் அதைச் சொல்கின்றன. நெதர்லாந்தின் கிரோனிங்கனில் புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இவ்விதிப்படி 13 வாரமும், மற்றொரு குழுவுக்கு வழக்கமான முறையில் 8 வாரமும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவின்படி இரு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தது. ஆகவே அந்த 10 என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம் என்றும் பொருளில்லை; கணக்கை மட்டும் நம்பிக் காலை மறந்துவிடக் கூடாது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இடையில் நடப்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வெட்கம் தெரிகிறது. 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடிய பின் மறுபடியும் நடப்பதா என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க ஒலிம்பிக் வீரரான ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு இடையே திட்டமிட்டு நடக்கும் முறையை 1970களிலிருந்தே கற்பித்தவர். அம்முறையில் முழு மாரத்தானான 42.195 கிலோமீட்டரை முடித்தவர்கள் ஏராளம். களைத்த பிறகு நடப்பதற்கும் களைப்பு வருவதற்கு முன்பே நடப்பதற்கும் நிரம்ப வேறுபாடு உண்டு. செயலியின் இடைவெளிப் பயிற்சிப் பகுதியில் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று அமைத்துவிட்டால், மணியடித்ததும் தெம்பு இருக்கும்போதே நடப்பீர்கள். 10 கிலோமீட்டரை முதன்முறையாகத் தொட இதைவிட நோகாத வழி எனக்குத் தெரியவில்லை. நின்றவுடன் கடிகாரத்தையும் தானாக நிறுத்தும் அமைப்பை மட்டும் அணைத்துவைத்துவிடுங்கள். மெதுவாக நடக்கும் நேரத்தை அது நிறுத்தமாக எண்ணி, மொத்தக் கணக்கையும் குழப்பிவிடும்.

செயலி காட்டும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் அவற்றோடு சண்டையிடுவது குறையும். ஜிபிஎஸ் துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் தொலைபேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வெளியில் பிழை சுமார் 5 மீட்டருக்குள் இருக்கும். உயரமான கட்டடங்களுக்கிடையிலும் அடர்ந்த மரங்களின் கீழும் சமிக்ஞை மோதித் தெறித்து வருவதால் பிழை கூடும். கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் ஓடுகிறவர் ஒரு விநாடிக்குக் கடப்பது 2.4 மீட்டர்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் கணத்து வேகம் என்று திரையில் 6:20, 7:50, 6:55 என்று தாவும் எண் ஏன் நம்பத்தக்கதல்ல என்பது விளங்கிவிடும். செயலி அதைச் சராசரியாக்கி வழுவழுப்பாக்கித் தருகிறது, அவ்வளவே. ஒரு முழுக் கிலோமீட்டரின் சராசரியை ஓரளவு நம்பலாம். ஒரு வார மொத்தத்தை நன்றாகவே நம்பலாம்.

பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது இடத்தைப் பொறுத்தது. செயலி பதியும் இடப் புள்ளிகள் இங்குமங்கும் சிதறினால் கோடு வளைந்து நெளிந்து தூரம் கூடும். வளைவுகளில் புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு போட்டால் தூரம் குறையும். என்னுடைய பழைய ஓட்டம் ஒன்றின் வரைபடத்தில் நான் ஏரியின் நடுவே ஓடிக் கரையேறியிருக்கிறேன். விளையாட்டுத் திடலின் 400 மீட்டர் உள்வட்டத்தில் 25 சுற்று ஓடினால் 10 கிலோமீட்டர் என்பது உறுதி; செயலியின் எண் அதோடு அச்சு அசலாகப் பொருந்துவது அரிது. முறையாக அளக்கப்பட்ட பந்தயப் பாதையிலும் செயலியின் அறிவிப்பு வழக்கமாகக் கிலோமீட்டர் பலகைக்கு முன்பாகவே வந்துவிடும். ஏனெனில் பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள், ஓடுகிறவர்களோ கூட்டத்தில் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. செயலி 10 என்று சொன்ன இடத்தில் உயிரைக் கொடுத்து ஓடி முடித்துவிட்டு, எல்லைக்கோடு இன்னும் நூறு மீட்டர் தள்ளி நிற்பதைப் பார்த்து நொந்துபோனவர்கள் உண்டு.

உடற்பயிற்சிக் கூடத்தின் ஓட்ட இயந்திரத்தில் (டிரெட்மில்) ஜிபிஎஸ் பயன்படாது. அங்கே தொலைபேசி தன் அசைவு உணரியைக் கொண்டு அடிகளை எண்ணி உத்தேசமாகத்தான் சொல்லும். இயந்திரத்தின் எண்ணைக் கையால் பதிந்துகொள்ளுங்கள்.

நீண்ட ஓட்டத்தில் மட்டும் தலைகாட்டும் ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாக 70 நிமிடம் ஓடிய நாளில், வீடு திரும்பி வியர்வையோடு திரையைப் பார்த்தால் 3.8 கிலோமீட்டர் என்று இருந்தது. தொலைபேசியின் மின்சேமிப்பு ஏற்பாடு, திரை அணைந்திருந்ததால் பின்னணியில் இயங்கிய செயலியை 28ஆவது நிமிடத்தில் சத்தமில்லாமல் மூடியிருந்தது. குறைந்த நேரமே ஓடிக்கொண்டிருந்தவரை இது தெரியவே இல்லை. அமைப்புகளுக்குள் சென்று, அந்தச் செயலிக்கு மட்டும் மின்சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, இருப்பிட அனுமதியில் துல்லியமான இருப்பிடம் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நின்று, சமிக்ஞை கிடைத்த பிறகு பொத்தானை அழுத்தினால் முதல் கிலோமீட்டரின் பாதிப் பிழை போய்விடும். வரைபடத்தையோ பயிற்றுநரின் ஒலிப்பதிவையோ முன்கூட்டியே இறக்கிவைப்பது மின்கலத்துக்கும் நல்லது. தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு தோள் இறுகும். இடுப்புப் பட்டையில் வைப்பது மேல். சாலையில் ஓடுகிறவர் ஒரு காதையாவது திறந்துவைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செயலிக்குத் தெரியவே தெரியாத ஒன்று வலி. ஓடத் தொடங்கிய சில மாதங்களில் நெஞ்சும் மூச்சும் விரைவாகத் தேறிவிடும். தசைநார்களும் எலும்புகளும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை, அவற்றுக்கு இன்னும் பல மாதங்கள் வேண்டும். மூச்சு 'இன்னும் ஓடலாம்' என்று சொல்லும்போது கால் 'வேண்டாம்' என்று சொல்லும் காலம் இது. தொடையும் கெண்டைக்காலும் இரண்டு பக்கமும் ஒரேபோல் கனத்து வலித்தால் அது உழைப்பின் வலி. இரண்டு நாளில் போகும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இருந்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பில் மெல்லிய விரிசல் ஏற்படும்போதும் அப்படித்தான் தொடங்கும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் ஆகியவற்றுக்கும் இதே பதில், தாமதமில்லாமல். ஓய்வெடுத்தால் 'தொடர் சாதனை முறிந்துவிடும்' என்று செயலி நினைவூட்டும். பதக்கம், தொடர் நாள் கணக்கு இவற்றின் அறிவிப்புகளை இன்றே அணைத்துவிடுங்கள். தினமும் செயலியைத் திறக்கவைப்பதற்காக அமைக்கப்பட்ட அவற்றுக்கு உங்கள் எலும்பின் நிலை தெரியாது.

பணம் கட்டி மேம்பட்ட பதிப்பு வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, 10 கிலோமீட்டர் வரை தேவையில்லை என்பேன். ஆனால் பதிவுகளை அவ்வப்போது ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஓடிய பாதையைச் சேமிக்கும், பிற செயலிகளிலும் திறக்கக்கூடிய கோப்பு வகை) இறக்கிவைத்துக்கொள்வது நல்லது. எண்டோமோண்டோ என்ற, ஒருகாலத்தில் பலரும் பயன்படுத்திய செயலி 2020ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டபோது, இறக்கிவைக்காதவர்களின் பல ஆண்டுக் கணக்குகள் அதோடு போயின. இன்னொன்று, உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடியும் வரைபடத்தை ஊருக்கே காட்ட வேண்டியதில்லை. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக ஓட்ட வரைபடத்தில் இராணுவத் தளங்களின் சுற்றுப்பாதைகள்கூடப் பளிச்சென்று தெரிந்தது செய்தியாயிற்று. தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் மறைக்கும் வசதி தனியுரிமை அமைப்பில் இருக்கிறது.

அரை மாரத்தானைப் பற்றி இப்போதைக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் தூரம் 21.0975 கிலோமீட்டர், பயிற்சியில் அவ்வளவும் ஓடிப் பார்க்க வேண்டியதில்லை, 16 முதல் 18 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓடியிருந்தால் போதும். 10 கிலோமீட்டரை எட்டிய பின் ஓரிரு மாதம் அந்த அளவிலேயே நிலைத்து ஓடிவிட்டு, வாரத்தில் நான்காவது நாளைச் சேர்த்து, மேலும் மூன்று நான்கு மாதங்கள் ஒதுக்குங்கள்.

இந்த வார நீண்ட ஓட்டத்துக்குச் செயலியில் 40 நிமிடம் என்று இலக்கு வைத்து, கிலோமீட்டருக்கு ஒரு முறை வரும் குரல் அறிவிப்பை அணைத்துவிட்டு, பேசக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்த பிறகு திரையைத் திறந்து முதல் கிலோமீட்டரின் நேரத்தையும் கடைசி முழுக் கிலோமீட்டரின் நேரத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே 15, 20 விநாடிக்கு மேல் வேறுபாடு இல்லையென்றால் அடுத்த வாரம் 45 நிமிடத்துக்குப் போகலாம். கடைசிக் கிலோமீட்டர் அதைவிடப் பின்தங்கியிருந்தால் அடுத்த வாரமும் 40 நிமிடமே ஓடுங்கள். முதல் கிலோமீட்டரை மட்டும் அரை நிமிடம் மெதுவாக ஓடுங்கள்.